பந்து ஒரு சாண் தள்ளி விழுந்தது

நீ பொய் சொல்கிறாய். வகுப்பில் நின்று, ஐம்பது பிள்ளைகள் முன்னால், வருடா வருடம் சொல்கிறாய்.

நீ யார் என்று படிக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டும். பெயர் வேண்டாம். ஊட்டியில் நாம் படித்த பொறியியல் கல்லூரியிலேயே நீ இப்போது உதவிப் பேராசிரியர். கடைசி வருடப் புராஜெக்டில் என் கூட்டாளி. பழைய மாணவர் மலருக்கு நீதான் பொறுப்பு. போன மாதம் ஃபோன் செய்து, "நம்ம புராஜெக்ட் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடு, இனிமையா இருக்கட்டும்" என்று கேட்டவனும் நீதான். எழுதிவிட்டேன். இனிமைக்கு நான் பொறுப்பில்லை. இரண்டு பக்கத்துக்குள் அடங்கும் என்றும் தோன்றவில்லை.

நீ ஃபோன் செய்த அதே வாரம், எங்கள் எஸ்டேட் குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுப் பெண் விடுமுறைக்கு வந்திருந்தாள். உன் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். என் சமையலறையில் அடுப்பை ஒட்டி நின்று கை காய்ச்சிக்கொண்டே சிரித்தாள்.

"அக்கா, எங்க சார் ஒரு கதை சொன்னாருக்கா. அவரு டீம்ல ஒரு அக்கா இருந்தாங்களாம். ரீடிங்கே சரியா எடுக்காம மனசுல தோணினத எழுதிட்டாங்களாம். அத நம்பி கோயமுத்தூர் எக்சிபிஷன் போனா, பந்து நேராப் போயி சீஃப் கெஸ்ட் மேல விழுந்துருச்சாம். அதனால யாரும் பொய் ரீடிங் எழுதாதீங்கன்னு சொன்னாரு. அந்த அக்காவோட அப்பா டீ ஃபேக்டரில ஃபிட்டராம். யாருக்கா அது? உங்க செட்டுதானே?"

நம் செட்டில் டீ ஃபேக்டரி ஃபிட்டரின் மகள் ஒருத்திதான். கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு அது உறைத்தது. என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா கூப்பிடறாங்க" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாமலே போய்விட்டாள்.

நான் இன்று பைக்காரா பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறேன். என் வேலையில் பாதி, அளவு எடுத்து எழுதுவதுதான். நான் எழுதுகிற சூட்டை நம்பித்தான் இலையை டிரையருக்குள் விடுகிறார்கள். என்னைக் கோபக்காரி என்று சொல்லலாம். வாய் நீளம் என்று சொல்லலாம். இரண்டும் சரிதான். பொய் அளவு எழுதினவள் என்று மட்டும் சொல்லக் கூடாது. அதுவும் மாதா மாதம் என் கையால் அரைக் கிலோ டீத்தூள் வாங்கிக் குடிக்கிறவன் சொல்லக் கூடாது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். மறந்திருந்தால் நினைவுபடுத்திக்கொள்.

புராஜெக்ட் உன் யோசனையும் இல்லை, என் யோசனையும் இல்லை. மூன்றாமவனுடையது. கூடலூர் தாண்டி ஓவேலியிலிருந்து வந்தவன். கல்லூரி கிரிக்கெட் அணியில் பந்தைச் சுழற்றிப் போடுவான். சுழலுகிற பந்து ஏன் காற்றிலேயே வளைகிறது என்பதை ஒரு மெஷின் வைத்துக் காட்டலாம் என்றான். விஷயம் எளிதுதான். சுழலுகிற பந்து தன்னைச் சுற்றிப் போகும் காற்றை ஒரு பக்கமாகத் திருப்பிவிடுகிறது. காற்று சும்மா இருக்குமா? அது பந்தை மறு பக்கம் தள்ளுகிறது. அவ்வளவுதான். இதைச் சொல்ல நீ முன்னுரையில் பதினோரு பக்கம் எடுத்துக்கொண்டாய்.

மெஷினைச் செய்தது நான். தையல் மெஷின் மோட்டார் இரண்டு, குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளின் ரப்பர் சக்கரம் இரண்டு, ஃபேக்டரியில் கழித்துப் போட்ட ஆங்கிள் இரும்பு. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் ஸ்பாஞ்சுப் பந்தை விட்டால் கவ்வி எறியும். ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் ஓடினால் பந்து சுழன்றுகொண்டே போகும், போகப் போக இடது பக்கம் வளையும். வெல்டிங் வைத்தபோது நீ பத்தடி தள்ளி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, "பாத்து, பாத்து" என்றாய். கண்ணை மூடிக்கொண்டவன் எதைப் பார்க்கச் சொன்னாய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

காட்சியை ஓவேலிக்காரன் வடிவமைத்தான். மெஷினுக்கு எதிரே அவன் கைகட்டி நிற்பான். அவனுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் மேல் எங்கள் வீட்டுப் பழைய கொழுந்துக் கூடை, தேயிலை பறிக்கிற கூடை. அதுவரை அதில் என் அம்மா உருளைக்கிழங்கு போட்டு வைத்திருந்தார். மெஷினிலிருந்து பார்த்தால் கூடை தெரியாது, இவன்தான் தெரிவான். பந்து இவனைச் சுற்றிக்கொண்டு போய்க் கூடையில் விழ வேண்டும்.

"மூஞ்சில பட்டா?" என்று கேட்டேன்.

"பட்டா பொண்ணு பாக்கப் போறப்ப பந்து மேல பழி போட்டுக்கலாம்" என்றான்.

வெளியில் விட்டுப் பார்க்க முடியாது. ஊட்டிக் காற்று யார் பேச்சையும் கேட்காது. நான்கு சுவரும் கூரையும் உள்ள நீளமான இடம் வேண்டும். உன் அம்மா உங்கள் பங்குக் கோயிலில் பாட்டுக் குழுவை நடத்தியதால் பங்கு மண்டபம் கிடைத்தது. சனிக்கிழமை சனிக்கிழமை, மறைக்கல்வி வகுப்பு முடிந்த பிறகு. சாவி, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளையிடம். அவர் போட்ட நிபந்தனை இரண்டு. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகிதத் தோரணங்களை நாம்தான் அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். "மாதா படத்து மேல ஒரு தடவ பட்டாலும் சாவி கெடையாதுங்க, சொல்லிட்டேன்."

தோரணத்தை நாம் அவிழ்க்கவே இல்லை. கதவு இடுக்கில் காற்று வந்தால் அது ஆடும். ஆடினால் அந்த எறிதல் கணக்கில் சேராது. அது என் யோசனை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் வரைக்கும் அந்த மண்டபத்தில் கிறிஸ்துமஸ் முடியவில்லை. பங்குச் சாமியார் இரண்டு முறை கேட்டார். "அறிவியல் ஃபாதர்" என்று சொல்லிச் சமாளித்தாய். பேசுவதற்கு நீதான்.

பந்து விழுந்த இடத்தை எப்படி அளந்தேன் என்பதையும் இங்கே எழுத வேண்டும். ஏனென்றால் அதைத்தான் நீ பொய் என்கிறாய். கூடை வைக்கும் இடத்தில் அதே உயரத்துக்கு ஒரு மேசை. மேசை மேல் கறுப்புத் தார்ப்பாய். பந்தை உன் அம்மாவின் முகப் பவுடரில் புரட்டி எடுத்து விடுவேன். விழுந்த இடத்தில் வெள்ளை வட்டம் பதியும். வட்டத்தின் நடுவுக்கு டேப் பிடித்து அளப்பேன். ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன் சக்கரத்தின் வேகத்தை ஆர்பிஎம் மீட்டர் வைத்துப் பார்ப்பேன். ஒரு வேகத்துக்கு இருபது முறை. மண்டபம் முழுக்க சலூன் வாசனை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை கல்யாண வீட்டுக்காரர்கள், "யாருங்க இங்க மேக்கப் போட்டது?" என்று கேட்டார்களாம்.

உன் கணக்குப்படி பந்து இரண்டு மீட்டர் வளைய வேண்டும். அது ஒன்றரை மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வளைந்ததோடு நிறுத்திக்கொண்டது. எத்தனை முறை விட்டாலும் அவ்வளவுதான்.

"டேப்ப நல்லா இழுத்துப் புடிச்சியா?" என்றாய்.

"இழுத்தா நீளறதுக்கு அது ரப்பரா?"

"அப்புறம் எப்படிக் கம்மியா வருது?"

"பந்தக் கேளு."

பெஞ்சில் படுத்திருந்த ஓவேலிக்காரன் எழுந்திருக்காமலே சொன்னான். "ஊட்டிப் பந்துடா அது. குளிருக்கு ஒடுங்குது. ஒரு ஸ்வெட்டர் போட்டு விடு."

நாம் சிரித்தோம். மூன்று பேரில் அவன்தான் அன்றைக்கு உண்மைக்குப் பக்கத்தில் படுத்திருந்தான். அவனுக்கும் அது தெரியாது.

அப்புறம்தான் என் நோட்டு வந்தது. என் அப்பா வேலை பார்த்த ஃபேக்டரியில் ஒரு வழக்கம் உண்டு. மணிக்கொரு தடவை வெப்பமானியைப் பார்த்துப் பலகையில் எழுத வேண்டும். தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. அந்த எண்ணின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அழித்தால்தான் திட்டு விழும். கோடு போட்டால் ஒரு கேள்வியும் இல்லை. தப்பு எங்கே நடந்தது என்று அடுத்த ஷிப்டுக்காரனுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சின்ன வயதிலிருந்து அந்தப் பலகையைப் பார்த்து வளர்ந்தவள் நான். என் நோட்டும் அப்படித்தான். தோரணம் ஆடியதா, கோடு. வேகம் மாறியதா, கோடு. ஒரு பக்கத்தில் இருபது எண் இருந்தால் ஏழெட்டுக்குக் கோடு.

நீ அப்படி இல்லை. வாத்தியார் வீட்டுப் பிள்ளை. முதலில் பென்சில், பிறகு ரப்பர், பிறகு பேனா. உன் நோட்டைப் பார்த்தால் உலகத்தில் யாருமே தப்புச் செய்ததில்லை என்று தோன்றும்.

முதல் ரிவ்யூவில், புராஜெக்டை மேற்பார்வை பார்த்த நம் கைடு இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நல்ல மனிதர்தான். புத்தகத்தில் உள்ளதற்கும் நேரில் நடப்பதற்கும் சண்டை வந்தால் புத்தகத்தின் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வார், அவ்வளவுதான்.

"என்னம்மா இது, இத்தனை அடிச்சுத் திருத்தியிருக்க? கணக்குல ரெண்டு மீட்டர் வருது, நீ ஒண்ணரை எழுதியிருக்க. உக்காந்த எடத்துல எழுதினியா?"

"இல்லீங்க சார். எடுத்ததுதான் எழுதினேன்."

அவர் உன்னைப் பார்த்தார். நீ சொன்னாய்: "ரீடிங் எல்லாம் இவங்க எடுத்தது சார்."

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. அதனால்தான் இன்றுவரை எரிகிறது. அவர் சிவப்பு மையில் என் நோட்டின் ஓரத்தில் எழுதினார்: 'ரீடிங் நம்பும்படி இல்லை.' கீழே கையெழுத்தும் போட்டார்.

வெளியே வந்ததும் நீ சமாதானம் பேசினாய். "கோவப்படாத. நான் ஒரு திருத்தம் போட்டு மேட்ச் பண்ணிடறேன்." போட்டாய். 'பந்தின் மேற்பரப்புத் திருத்தம்' என்று ஒரு எண்ணை எங்கிருந்தோ பிடித்து வந்து உன் கணக்கோடு பெருக்கினாய். இரண்டு மீட்டர் ஒழுங்காக ஒன்றரைச் சொச்சத்துக்கு இறங்கி வந்தது. அந்த எண் எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று கேட்டேன். "எல்லாம் இருக்கும்" என்றாய். மனதில் தோன்றியதை எழுதுவது என்று உன் வகுப்பில் சொல்கிறாயே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஆனால் கூடையை என் அளவுப்படிதான் வைத்தோம். ஏனென்றால் பந்து அங்கேதான் விழுந்தது. பத்துக்கு ஒன்பது முறை ஓவேலிக்காரனின் காதோரம் வளைந்து போய்க் கூடைக்குள் விழும். கோயில்பிள்ளையே ஒரு நாள் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துவிட்டு, "மாதாவே" என்றார்.

அடுத்தது கோயம்புத்தூர். மூடிய அரங்கில், கல்லூரிகளுக்கு இடையிலான கண்காட்சி. மெஷினைச் சாக்கில் கட்டி, காலை முதல் பஸ்ஸில் டிரைவரிடம் கெஞ்சி ஏற்றினோம். பஸ் கிளம்புவதற்கு முன் ஓவேலிக்காரன் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, மூடியை இறுக்கித் திருகி, காலிப் பாட்டிலை மெஷின் சாக்குக்குள் திணித்தான். குப்பைத் தொட்டி நான்கு அடி தூரத்தில் இருந்தது. திட்டினேன். இப்போது அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். அந்தப் பாட்டில் பிறகு வரும்.

கோயம்புத்தூரில் மூவருக்கும் வியர்த்துக் கொட்டியது. சிறப்பு விருந்தினர் பம்பு தயாரிக்கிற ஒரு கம்பெனிக்காரர். வெள்ளைச் சட்டை, கையில் டீ கப். மற்றவர்கள் எட்ட நின்று பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போக, அவர் மட்டும் கூடைக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏனுங்க, பந்து இந்தத் தம்பியச் சுத்திக்கிட்டு வந்து இதுல விழுமுங்களா? கிட்ட இருந்து பாக்கறனுங்க."

நீ மைக்கைப் பிடித்து முன்னுரையை ஆரம்பித்தாய். நான் மீட்டர் வைத்து வேகத்தைப் பார்த்தேன். பங்கு மண்டபத்தில் இருந்த அதே வேகம். ஓவேலிக்காரன் கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்பதைப் போல நின்றான். பந்தை விட்டேன்.

பந்து வளைந்தது. முன்பைவிட அதிகமாகவே வளைந்து, அவன் காதை உரசிக்கொண்டு போய், கூடையைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, பம்புக்காரரின் டீ கப்பில் விழுந்தது. கப்பில் இருந்தது சட்டைக்கு வந்தது.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே, "இன்னொருக்கா விடுங்க பாப்பா" என்றார். மறுபடி வேகத்தைப் பார்த்தேன். விட்டேன். மறுபடியும் அதே இடம். இந்தத் தடவை அவர் ஒரே கையால் பிடித்துவிட்டார். கைதட்டல். "ஏனுங்க, நம்மளக் குறி வெச்சுத்தான் இத செஞ்சதுங்களா?"

மூன்றாவது முறை, நான் போய்க் கூடையை ஒரு சாண் நகர்த்தி வைத்தேன். "தொடாத, தொடாத" என்று நீ பல்லைக் கடித்தாய். விட்டேன். கூடையில் விழுந்தது. யாரும் கைதட்டவில்லை. நடுவர் அம்மா ஒருவர் சொன்னார்: "பந்து விழற எடத்துல கூடைய வெச்சா அது புராஜெக்ட் இல்லம்மா. அது மாங்கா பொறுக்கறது."

நான் டேப்பை எடுத்து, பந்து வளைந்த தூரத்தை எல்லார் முன்னாலும் அளந்தேன். உன்னுடைய இரண்டு மீட்டருக்கு எட்டு விரற்கடைதான் குறைவு. நீ குனிந்து டேப்பைப் பார்த்தாய். உன் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"பாத்தியா? என் கணக்குதான் சரி! நீ ஊட்டியில தப்பா அளந்துட்ட!"

மைக் இன்னும் உன் கையில்தான் இருந்தது. அணைக்கவில்லை.

உன் கதை அங்கேதான் பிறந்தது. இத்தனை வருடமாக நீ வகுப்பில் சொல்வது அந்த மைக்கில் சொன்னதைத்தான். அதற்குப் பிறகு நடந்ததை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறாய். அதையும் சொல்கிறேன்.

மெஷினைக் கட்டிக்கொண்டிருந்தபோது பம்புக்காரர் மறுபடி வந்தார். சட்டையில் டீக்கறை காய்ந்திருந்தது. "மேல உங்க ஊருல சரியா விழுந்துச்சுங்களா?" என்று கேட்டார். "பத்துக்கு ஒம்பதுங்க" என்றேன். அவர் தலையை ஆட்டினார். "எங்க பம்பும் அப்படித்தானுங்க. இங்க நல்லா இழுக்கும். உங்க மலைக்கு அனுப்புனா, அத்தன ஆழத்துல இருந்து இழுக்க மாட்டேங்குதும்பாங்க." சொல்லிவிட்டுப் போய்விட்டார். "பம்புக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று நீ என் காதில் கேட்டாய். நானும் யோசிக்கவில்லை. நான் அப்போது உன்னை எதால் அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

சாக்குக்குள் கையை விட்டபோது அந்தப் பாட்டில் கிடைத்தது. யாரோ பிழிந்து போட்டதைப் போல நசுங்கி, இடுப்பு ஒட்டிப் போயிருந்தது.

"யாருடா இது மேல உக்காந்தது?" என்றாய்.

"ஆரும் உக்காரலை. நான் குடிச்சு மூடி வெச்சதாக்கும்" என்றான் ஓவேலிக்காரன்.

மூடியைத் தொட்டுப் பார்த்தேன். காலையில் திருகினது திருகினபடி இருந்தது. திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது. கையில் எதையாவது பிடித்துக்கொண்டிருக்காவிட்டால் உன் கழுத்தைப் பிடித்திருப்பேன்.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மலை ஏற ஆரம்பித்தது. பர்லியார் தாண்டி ஒரு வளைவில் பாட்டில் 'டப்' என்றது. ஒரு பள்ளம் வெளியே வந்தது. இன்னும் நான்கைந்து வளைவு போனதும் இன்னொரு 'டப்'. குன்னூர் வருவதற்குள் இடுப்பு வந்துவிட்டது. பாட்டிலையே பார்த்தேன். மலையில் மூடிய காற்றை, கீழே உள்ள காற்று சுற்றி நின்று நசுக்கியிருக்கிறது. மேலே வர வர விட்டுவிடுகிறது. அப்படியானால் கீழே காற்று கனம். மேலே லேசு. கனமான காற்று பந்தை அதிகமாகத் தள்ளும். லேசான காற்று குறைவாகத் தள்ளும்.

மலைக்கு வருகிற கீழ்நாட்டுக்காரர்கள் நான்கு படி ஏறினதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார்கள். நாம் பார்த்துச் சிரிப்போம். மூவரும் இந்த மலையிலேயே பிறந்தவர்கள். நம் காற்றில் ஏதோ குறைகிறது என்று நமக்கு எப்படித் தோன்றும்? நமக்கு அதுதான் காற்று.

"டேய்" என்றேன். "கணக்குல காத்தோட அடர்த்தி எவ்வளவு போட்ட?"

"ஒண்ணு புள்ளி ரெண்டு. புக்ல அதான் இருக்கு."

"எந்த ஊர் காத்து அது?"

பாட்டிலை உன் மடியில் வைத்தேன். கேத்தி வரைக்கும் நீ வாயைத் திறக்கவில்லை. உன்னை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். அப்புறம் ஊட்டிக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டில் கடைசியாக ஒரு 'டப்' போட்டு முழுதாக நிமிர்ந்தது. நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய்.

"கடல் மட்டத்துக் காத்து. நாந்தான் தப்பு. உன் ரீடிங் கரெக்ட். அம்பது தடவ நீ சொன்ன, நான் கேக்கல. நாளைக்கே சார்கிட்ட சொல்லிடறேன்."

ஓவேலிக்காரன் பின் சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "அப்ப ஸ்வெட்டர் வேண்டாமா?"

அந்த ஒரு ராத்திரி உன் மேல் எனக்கு மரியாதை இருந்தது. காலையில் வகுப்புக்கு வந்தேன். நீ சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "ரிப்போர்ட் பைண்டிங் முடிஞ்சு வந்துடுச்சு, தங்க எழுத்தெல்லாம் போட்டாச்சு. இப்பப் போய்க் கெளறினா மூணு பேருக்கும் மார்க் போயிடும்" என்றாய். சரி, ஓவேலிக்காரனுக்காக விட்டேன். சிவப்பு மை என் நோட்டில் நின்றுவிட்டது. நான் வேலைக்கு வந்துவிட்டேன். நீ மேலே படித்துவிட்டு அதே கல்லூரிக்கு வாத்தியாராகப் போனாய். கைடு ஓய்வு பெற்றதும் அவர் நாற்காலியிலேயே உட்கார்ந்தாய். சொல்வதற்கு ஆளும் இல்லாமல் போயிற்று.

இந்தக் கதையை என் அப்பாவிடம் சொன்னபோது அவர் இரண்டு நிமிடம் சிரித்தார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்து ஆயுள் முழுக்க ஃபேக்டரி ஃபேன்களோடு மல்லுக்கட்டியவர். "ஏம் புள்ள, எல வாட்டுற ஃபேனு வாங்கறப்ப கம்பெனிக்காரன் ஒரு கணக்குக் குடுப்பான். இங்க மாட்டுனா அம்புட்டு எல வாடாது. அது கீழ காத்துக்குப் போட்ட கணக்குன்னு இங்க கூட்டிப் பெருக்குற ஆளுக்குக்கூடத் தெரியும். இதத் தெரிஞ்சுக்க ஒரு பெரிய மனுசன் சட்டயில டீய ஊத்தணுமா?"

பக்கத்து வீட்டுப் பெண் வந்துவிட்டுப் போன அன்று மாலை உனக்கு ஃபோன் செய்தேன். அந்தப் பேச்சையும் மலரில் போட வேண்டும்.

"நான் பொய் ரீடிங் எழுதினேனா?"

"யாரு சொன்னா?"

"ஏன், எத்தன பேர்கிட்ட சொன்ன?"

"அது சும்மா... பசங்க பயப்படறதுக்கு. பேர் சொல்லலையே."

"அப்பன் வேலையச் சொல்லியிருக்கியே."

"கதைக்கு ஒரு வெயிட் வேணுமில்ல?"

"அப்ப ஒண்ணு புள்ளி ரெண்டு போட்டவன் வாத்தியார் மகன்னு சொல்றது? அதுல வெயிட் இல்லையா?"

அதற்கு நீ கேட்டாய்: "இந்த மாசம் டீத்தூள் எப்ப அனுப்புவ?"

அனுப்ப மாட்டேன். பழைய மாணவர் நாளன்று நானே கொண்டு வருகிறேன். கூடவே மெஷினும் வரும். ஃபேக்டரி ஸ்டோரில் சாக்குப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். போன வாரம் எண்ணெய் விட்டு ஓட்டிப் பார்த்தேன், இரண்டு மோட்டாரும் ஓடுகின்றன. சிவப்பு மை நோட்டும் இருக்கிறது, ஒரு கோட்டையும் அழிக்கவில்லை. கோயம்புத்தூரில் கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்த வீடியோவை ஓவேலிக்காரன் கைப்பேசியில் இன்னும் வைத்திருக்கிறான். அவனும் வருகிறான். கைகட்டி நடுவில் நிற்கச் சம்மதித்துவிட்டான். இப்போது அவனுக்குத் தொப்பை. பந்து இன்னும் கொஞ்சம் வளைந்தால்தான் முடியும். அதற்குத் தகுந்தபடி, என் நோட்டில் அளவு இருக்கிற இன்னொரு சக்கர வேகத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

கல்லூரி அரங்கில் வைப்போம். உன் பிள்ளைகள் எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும், அந்த இரண்டாம் வருடப் பெண் முதல் வரிசையில். நீ ஒன்று புள்ளி இரண்டு போட்டுக் கணக்குச் செய்து ஒரு கூடையை வை. திருத்தம் எதுவும் பெருக்காதே. நான் என் நோட்டுப்படி ஒரு கூடை வைக்கிறேன். பந்தை அந்தப் பெண் விடட்டும்.

இதில் ஒரு வரியை நீ வெட்டினாலும், முழுவதையும் அன்று நானே மேடையில் வாசிப்பேன். என் குரல் உனக்குத் தெரியும். எனக்கு மைக் வேண்டாம்.

மைக்கை நீ வைத்துக்கொள். கோயம்புத்தூரில் பிடித்ததைப் போல வாய்க்குப் பக்கத்தில் பிடி. பந்து விழுந்த பிறகு, எல்லார் முன்னாலும், இதற்கு மட்டும் பதில் சொல்: பங்கு மண்டபத்தில் நான் எடுத்த அளவு பொய்யா, உண்மையா?